பியூர் மேத்ஸா, மேத்ஸ் லிட்டா?

பிள்ளை ஒன்பதாம் வகுப்பை எட்டிவிட்டால் தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த் வீடுகளில் சூடு பறப்பது ஒரே கேள்வியில்தான்: அரசுப் பள்ளித் தேர்வா, தனியார் பள்ளிகளின் ஐ.இ.பி. தேர்வா? என்னைக் கேட்டால் அது இரண்டாம்பட்சம். வினாத்தாள்தான் வேறு. பன்னிரண்டாம் வகுப்பு முடிவில் கிடைப்பது ஒரே தேசிய உயர்நிலைச் சான்றிதழ். இரண்டுக்கும், தேர்வுகளின் தரத்தைக் கண்காணிக்கும் உமலூசி அமைப்பின் அங்கீகாரமே. கட்டணத்துக்குக் கடன் தேடி அலைபவர்கள் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

வழி உண்மையில் பிரிவது, பத்தாம் வகுப்பில் எந்தக் கணிதப் பாடத்தை எடுக்கிறோம் என்பதில். மேத்ஸ் லிட் (மேத்தமேட்டிக்கல் லிட்டரசி) என்றால் அன்றாட வாழ்க்கைக் கணக்கு: மின்கட்டணம், வருமான வரி, வட்டி, வரைபட அளவுகோல். பியூர் மேத்ஸ் என்றால் முழுமையான கணிதம்: சார்புகள், முக்கோணவியல், நுண்கணிதம். தொழில்நுட்பக் கணிதம் என்று மூன்றாவதும் உண்டு. அது தொழில்நுட்பப் பள்ளிகளோடு சரி.

2008க்கு முன் படித்த பெற்றோர் பலர், மேத்ஸ் லிட் பழைய ஸ்டாண்டர்ட் கிரேடு போலத்தான் என்று சொல்லிச் சமாதானமாகிறார்கள். அப்படியல்ல. ஸ்டாண்டர்ட் கிரேடு கணிதத்தின் எளிய வடிவம். இது வேறொரு பாடம்.

மதிப்பெண்ணில் பாருங்கள். பியூர் மேத்ஸில் 45 வாங்கும் பிள்ளைக்கு, ஏழு நிலைகளில் நிலை 3. அதே பிள்ளை மேத்ஸ் லிட்டில் 75 வாங்கினால் நிலை 6. பட்டப்படிப்புக்கான 'பேச்சிலர்' தேர்ச்சிக்கு, தாய்மொழிப் பாடத்தில் 40 சதவீதம் போக, லைஃப் ஓரியன்டேஷன் என்ற வாழ்க்கைத் திறன் பாடம் நீங்கலாக நான்கு பாடங்களில் 50 சதவீதம் வேண்டும். 45 அந்தக் கணக்கில் சேராது, 75 சேரும். நம் வீடுகளில் பெரும்பாலும் ஆங்கிலமே அந்தத் தாய்மொழிப் பாடம் என்பது தனிக் கதை.

அப்படியானால் மேத்ஸ் லிட்டே லாபமா? பேச்சிலர் தேர்ச்சி விண்ணப்பிக்கும் தகுதி மட்டுமே. இடம் கிடைக்கும் என்ற உறுதி அல்ல. பொறியியல், மருத்துவம், பட்டயக் கணக்காளர் படிப்புகள் பியூர் மேத்ஸ்தான் கேட்கும். சட்டம், கலைப் பாடங்களுக்குப் பல இடங்களில் மேத்ஸ் லிட் போதும், ஆனால் மதிப்பெண்ணைக் கூடுதலாகக் கேட்பார்கள்.

பிள்ளைக்குக் கணிதம் ஓரளவு வருகிறது, ஆசை எதிலென்று இன்னும் தெளியவில்லை என்றால், நான் பியூர் மேத்ஸில் சேர்க்கவே சொல்வேன். முடியாதபோது அதிலிருந்து மேத்ஸ் லிட்டுக்கு இறங்குவது எளிது. அங்கிருந்து ஏறுவது ஏறக்குறைய நடக்காத காரியம். கணக்கு என்றாலே நடுங்கும் பிள்ளையை மட்டும் பக்கத்து வீட்டாரின் பேச்சுக்காகப் பியூர் மேத்ஸில் தள்ளாதீர்கள்.