கோணமலை முத்து: ஒரு வரி, இரண்டு வாசிப்பு

"குரைகடல் ஓதம் நித்திலம் கொழிக்கும் கோணமா மலை" என்று இலங்கையின் திருகோணமலையை 7ஆம் நூற்றாண்டில் சம்பந்தர் பாடினார். இரைகிற கடலலை முத்தைக் கரை ஒதுக்குகிற மலை. எங்கள் வீட்டில் இந்த வரிக்கு இரண்டு கட்சி.

பெரியப்பாவுக்கு முத்து என்றால் முத்துத்தான். கையில் சாட்சியும் வைத்திருக்கிறார்: பக்கத்துத் தம்பலகாமக் குடாவில் முன்பு சிப்பி அள்ளி முத்தெடுத்திருக்கிறார்கள். பாட்டை ஊரோடு ஒட்டிப் பார்க்க வைப்பது இந்த வாசிப்பின் பலம். ஆனால் ஓரிடம் பொய்த்தால் முழுப் பாட்டும் ஆட்டம் காணும். சம்பந்தர் இராமேஸ்வரத்தில் நின்றபடியே கோணமலையைப் பாடினார் என்பதுதானே மரபு? காணாத கடலுக்கு அவர் எப்படிச் சாட்சி?

அக்காவுக்கு அது உருவகம். கோணேசர் கோயில் மலையில் இராவணன் வெட்டு என்கிற பாறைப் பிளவுக்குப் பக்கத்தில் நின்று கீழே பார் என்பாள். அலை பாறையில் மோதி, வெள்ளைத் துளிகளாக உடைந்து, காலை வெயிலில் உருண்டு விழும். முத்தேதான்.

"சரி பிள்ளை, பிடிக்காததையெல்லாம் உருவகம் என்று தள்ளிவிடலாமோ?" என்று பெரியப்பா மடக்குவார். நியாயமான கேள்வி. இருந்தும் நான் அக்கா பக்கம். கடல் முத்துக் கொழிப்பது தமிழ்ப் பாட்டில் பழைய வழக்கு. மரபு தெரிந்தவன் இஷ்டத்துக்குத் தள்ள மாட்டான்.

திருகோணமலைக்குப் பக்கத்துக் கன்னியா வெந்நீரூற்றில் மட்டும் நான் கட்சி மாறிவிடுவேன். தாயின் கிரியைக்காக இராவணன் உண்டாக்கிய ஏழு கிணறு என்கிறார்கள். வாளியால் மொண்டு தலையில் ஊற்றும்போது உருவகமா சுடும்?