ஃபீல்ட்ஸ் ஹில் ஏற்றமும் என் பழைய காரும்

2017-இல் ஜோஹன்னஸ்பர்க்கில் ஒரு 1999 மாடல் ஹேட்ச்பேக் வாங்கினேன். 1.3 லிட்டர், கார்புரேட்டர் வண்டி. 1,86,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. இப்போது 2,61,000. அங்கே ஓட்டிப் பார்த்தபோது ஒரு குறையும் தெரியவில்லை. என்3 நெடுஞ்சாலை வழியாகக் கடலோர டர்பனுக்கு இறக்கிவந்து, மறுவாரம் பக்கத்து ஊரான பைன்டவுனிலிருந்து ஃபீல்ட்ஸ் ஹில் என்ற மலையேற்றச் சாலையில் ஏறும்போதுதான் முதன்முதலாக அந்தச் சத்தம் கேட்டது. எவர்சில்வர் டப்பாவில் கடலைப்பருப்பைப் போட்டுக் குலுக்கினால் வருமே, அதேதான். சிலிண்டருக்குள் பெட்ரோல் கலவை தாறுமாறாக வெடிக்கும் சத்தம் அது. இங்கே அதைப் பிங்கிங் என்பார்கள், நம்மூரில் நாக்கிங்.

டேங்கில் கிடந்தது ஜோஹன்னஸ்பர்க்கில் போட்ட 93 ஆக்டேன் பெட்ரோல். ஆக்டேன் எண் கூடக்கூட நாக்கிங் குறையும். அந்த ஊர் கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 1,750 மீட்டர் மேலே இருக்கிறது. காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சிலிண்டருக்குள் போகும் காற்றே குறைவு என்பதால் 93 ஆக்டேன் தாராளமாகப் போதும். கீழே இறங்கினால் கதை வேறு. சரி, 95 போட்டேன். சத்தம் பாதியானது, நிற்கவில்லை.

முதலில் போன பட்டறையில் பிளக்குகளுக்குத் தீப்பொறி பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி டைமிங்கை, அதாவது தீப்பொறி விழும் நேரத்தை, பின்னால் தள்ளிவிட்டார்கள். சத்தம் போயிற்று, கூடவே இழுவையும் போயிற்று. ரோபோவில் பச்சை விழுந்து கிளம்பினால் பின்னால் ஹார்ன் அடிக்கிறார்கள். (இந்த ஊரில் சிக்னலுக்கு ரோபோ என்று பெயர். முதல் வாரம் யாரோ வழி சொன்னபோது நானும் நிஜ ரோபோவைத்தான் தேடினேன்.) ஃபீல்ட்ஸ் ஹில்லில் இரண்டாவது கியர்தான். பெட்ரோலும் கூடக் குடித்தது. மறுபடி போய்க் கேட்டால், "இன்ஜின் தேய்ந்துவிட்டது, பிரிக்க வேண்டும்" என்றார்கள்.

பிரிக்க மனமில்லாமல் டர்பனில் இந்திய வம்சாவளியினர் நிறைய வாழும் சாட்ஸ்வொர்த்தில் வீட்டுப் பின்கட்டில் வேலை பார்க்கும் ஒரு அண்ணாவிடம் கொண்டுபோனேன். அவர் தமிழ் சோறு, ரசம், வா, போ அளவுதான், மீதி இங்கிலீஷ். முதலில் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் ஏறுகிறது என்று பார்த்தார். நான்கு சிலிண்டரிலும் 11 பாருக்கு மேல், ஒன்றுக்கொன்று அரை பார் வித்தியாசம்கூட இல்லை. இன்ஜின் பிரிக்கும் பேச்சு அங்கேயே முடிந்தது.

அப்புறம் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினார். கார்புரேட்டரின் உறிஞ்சலை வைத்துத் தீப்பொறியை முந்தவைக்கும் வேக்குவம் அட்வான்ஸுக்குப் போகும் சின்ன ரப்பர் ட்யூபை கார்புரேட்டர் பக்கம் உருவி என் வாயில் கொடுத்து, "இழு தம்பி" என்றார். இழுத்தேன். உள்ளே தட்டு அசையவில்லை, வெறும் காற்றுதான் வந்தது, பெட்ரோல் கசப்போடு. உள்ளே இருக்கும் டயாஃப்ரம் என்ற ரப்பர் சவ்வு நன்றாக இருந்தால் தட்டு நகர வேண்டும், இழுத்து நிறுத்தியதும் ட்யூப் நுனி நாக்கில் ஒட்டிக்கொள்ள வேண்டும். என்னுடையது கிழிந்திருந்தது.

அப்போதுதான் எல்லாம் கோர்வையானது. டயாஃப்ரம் செத்தால் லேசாக ஆக்ஸிலேட்டர் மிதித்து ஓட்டும்போது தீப்பொறி முந்த வேண்டிய அளவுக்கு முந்தாது, வண்டி மந்தமாகும். முன்பு வைத்திருந்தவர் அதை ஈடுகட்ட டைமிங்கையே முன்னால் திருப்பியிருக்கிறார். ஆனால் ஏற்றத்தில் முழுசாக மிதிக்கும்போது வேக்குவம் இருக்காது. அங்கே அட்வான்ஸ் குறைய வேண்டும். பழைய சொந்தக்காரர் நிரந்தரமாகத் திருப்பி வைத்தது குறையுமா? மேட்டில் மெல்லிய காற்று அதை மூடி மறைத்தது. டர்பன் காற்று காட்டிக்கொடுத்தது. பட்டறைக்காரர்கள் செய்தது சத்தத்துக்கு மட்டுமான வைத்தியம். புது வண்டிகளில் நாக் சென்சார் இருக்கிறது, தானே டைமிங்கைக் குறைத்துக்கொள்ளும். இதில் காதுதான் சென்சார்.

வேக்குவம் யூனிட் மாற்றி, டைமிங் லைட் பிடித்துக் கம்பெனி குறியில் வைத்தார். மூன்றாவது கியரில் ஏறியது. ஏற்றத்தின் கடைசிப் பாதியில் மட்டும் மூச்சு வாங்கியது. அது அடைத்துப்போன பெட்ரோல் ஃபில்டர், பத்து நிமிட வேலை.

ஏழு வருடமாக அப்படியே ஓடுகிறது. பிப்ரவரி வெக்கையில் நாலு பேரை ஏற்றி ஏசியும் போட்டால் லேசாக ஒரு கிலுக்கு கேட்கும், கார்பன் படிந்திருக்கும் என்று விட்டுவிட்டேன். ஜோஹன்னஸ்பர்க் போனால் அங்கே சுற்றுவதற்கு 93, திரும்பும் நாளில் 95. வருடம் ஒருமுறை அந்த ட்யூபை வாயில் வைத்து இழுத்துப் பார்க்கிறேன். பக்கத்து வீட்டு அம்மா இன்னும் என்னைச் சந்தேகமாகத்தான் பார்க்கிறார்.