தியலும நீர்வீழ்ச்சிக்கு 'நம்ம ஊர்ப் பெடியன்' பக்கேஜில போக முதல் இத ஒருக்கா வாசிங்க

திருமலை (திருகோணமலை) ஆக்களுக்குத்தான் இத எழுதுறன், அதுவும் டிசம்பர் லீவுக்கு மலைநாட்டுப் பக்கம் வெளிக்கிடுற யோசனையில இருக்கிற குடும்பங்களுக்கு. நீளமா இருக்கும், கோவத்தோட எழுதுறதால அங்க இங்க இழுபடும், குறை நினைக்காதீங்க.

போன ஆகஸ்ட் லீவுக்கு நாங்கள் 11 பேர் போனம். நான், மனுசி, ரெண்டு பிள்ளையள், மச்சான் குடும்பம் நாலு பேர், தம்பி, தம்பிட கூட்டாளி ஒருத்தன், மாமி. ஆகஸ்டில ஊர் உலகமெல்லாம் நிலாவெளிக்கும் உப்புவெளிக்கும் கடல் குளிக்க வரும், எங்களுக்கு அந்தக் கடலைப் பார்த்துப் பார்த்து அலுத்துப் போய் பிள்ளையள் நீர்வீழ்ச்சி பார்க்கோணும் எண்டு ஒரே கரைச்சல். எங்கட பக்கம் சொல்லிக்கொள்ள ஒரு நீர்வீழ்ச்சி இல்லைத்தானே, கன்னியா வெந்நீர்க் கிணறு ஏழும்தான் இருக்கு. மாமி சொன்னா, "ராவணன் கோணேசர் மலையை வெட்டினவன், அந்தக் கையோட ஒரு ஆத்தையும் வெட்டி விட்டிருந்தா இவ்வளவு தூரம் போகத் தேவையில்லை" எண்டு. பகிடியாத்தான் சொன்னவ, ஆனா திரும்பி வரேக்க அத நினைச்சு எனக்கு அழுகை வராத குறை.

பக்கேஜ் போட்டவர் எங்கட ஊர்தான். பேர் சொல்லேல்ல, பொலிஸில என்ட்ரி போட்டிருக்கு, அது முடியட்டும். தம்பியோட ஒண்டா டியூசன் படிச்சவர், கோயில் திருவிழாவில ரெண்டொரு தரம் கதைச்சிருக்கிறன், அவ்வளவுதான் பழக்கம். அந்த அவ்வளவே எங்களுக்குப் போதுமா இருந்திச்சு, அதுதான் நாங்கள் விட்ட பிழை. 3 நாள், 2 இரவு, ஆளுக்கு 16,500. ஏசி வேன், சாப்பாடு, டிக்கெட், ட்ரெக்கிங் கைட், தியலும உச்சியில கேம்பிங் எல்லாம் உட்பட. பார்க்கிற நீர்வீழ்ச்சியள் துன்ஹிந்த, ராவணா எல்ல, தியலும, கடைசி நாள் பம்பரகந்த. மொத்தம் 1,81,500 வருது. அட்வான்ஸா 1,00,000 பேங்கில போட்டன், மிச்சத்த வெளிக்கிடுற அண்டைக்கு கையில குடுத்தன். பில்லும் இல்லை, எழுத்தும் இல்லை. கேட்டதுக்கு "என்ன அண்ண, நமக்குள்ள என்ன பில்லு" எண்டார். எனக்கும் வெக்கமாப் போச்சு, பேசாம விட்டுட்டன். கொழும்புக்காரன் ஒருத்தன் இதே பக்கேஜ் தந்திருந்தா பத்துக் கேள்வி கேட்டிருப்பன்.

விடிய 4 மணிக்கு வேன் எண்டார், வரேக்க 6.15. படத்தில காட்டின ஹைரூஃப் இல்லை, பழைய வேன் ஒண்டு, ஏசியில இருந்து காத்து வரும் ஆனா குளிர் வராது, பின் சீட்டில மடக்குப் பலகை. தானே கூட வாறன் எண்டவர் வரேல்ல, "அங்க போய் சேருங்க, நான் பின்னால வாறன்" எண்டு டிரைவரை மட்டும் அனுப்பினார். டிரைவர் கந்தளாய்ப் பக்கம் சிங்கள மனுசன், நல்ல மனுசன், அவருக்கே எங்க எங்க போகோணும் எண்டு ஒண்டும் சொல்லி அனுப்பேல்ல.

ஹபரண, பொலன்னறுவை, மஹியங்கனை எண்டு போய் துன்ஹிந்தவுக்குச் சேரேக்க மத்தியானம் தாண்டீற்று. அது 64 மீட்டர் உயரம், மாமிக்கும் 64 வயசு, அதால மாமிக்கு அந்த நீர்வீழ்ச்சியில ஒரு தனிப் பாசம். ரோட்டில இருந்து ஒரு கிலோமீட்டருக்கு மேல காட்டுப் பாதையால நடக்கோணும், அந்த நடை உண்மையில நல்லா இருந்திச்சு, பொய் சொல்லக் கூடாது. டிக்கெட் மட்டும் நாங்கள்தான் எடுத்தம். ஃபோன் பண்ணினா "போடுங்க அண்ண, பேந்து கழிச்சுத் தாறன்". கவுண்டரில பிரின்ட் பண்ணின டிக்கெட் தந்தாங்கள், அத சட்டைப் பொக்கெட்டில வச்சிருந்தன், அடுத்த நாள் அது ஒரு விசயத்துக்கு உதவினது.

ரெண்டாம் நாள் ராவணா எல்ல. பக்கேஜ் மெசேஜில "பிரவேசக் கட்டணம் உட்பட" எண்டு போட்டிருந்தார். அது எல்லயில இருந்து வெல்லவாய போற ரோட்டில, ரோட்டோரமாவே விழுற தண்ணி, பஸ்ஸில போறவனும் யன்னலால பார்க்கிறான்! இதுக்கு என்ன கட்டணத்த உட்படுத்தினார் எண்டு எனக்கு இண்டைக்கும் விளங்கேல்ல.

பிறகுதான் தியலும. வெல்லவாயவில இருந்து கொஸ்லந்த பக்கம் ஏறேக்க ரோட்டில நிண்டே முழுசாத் தெரியும், 220 மீட்டர், இலங்கையில ரெண்டாவது உயரம், பம்பரகந்த 263 தான் முதலாவது. நாங்கள் இறங்கிப் பார்த்தா பாறையில வெள்ளை நூல் ஒண்டு தொங்குது. மகள் கேக்கிறா, "அப்பா, தண்ணிய பூட்டீற்றாங்களா?" எண்டு. அவர் பக்கேஜுக்குப் போட்ட படத்தில மலை முழுக்க நுரை. அது மாரியில எடுத்த படம். எங்கட ஊரில கச்சான் காத்து அடிக்கிற காலத்தில ஊவாவிட அந்தப் பக்கமும் காய்ஞ்சுதான் கிடக்கும், தென்மேல் பருவ மழை மலைக்கு மற்றப் பக்கம்தான் கொட்டும். எங்களுக்கு மாரி தொடங்கினாத்தான் அங்கயும் தண்ணி. பள்ளிக்கூடத்தில படிச்ச விசயம்தான், காசு கட்டேக்க ஞாபகம் வரேல்ல. நான் முன்னமே கேட்டனான், ஆகஸ்டில தண்ணி இருக்குமா எண்டு. "வருசம் முழுக்க இருக்கும் அண்ண, நானே போன மாசம் குளிச்சனான்" எண்டார்.

நீர்வீழ்ச்சிக்கு மேல இருக்கிற குளங்களுக்குப் போக கொஸ்லந்தையில இருந்து பூனாகலைப் பக்கம் ஏறுற ரோட்டால சுத்திப் போய், பிறகு நடந்து இறங்கோணும். வேன் நிண்ட இடத்தில ஒரு பெடியன் எங்களுக்கெண்டே காத்துக்கொண்டு நிண்டான், கைட் எண்டான். கைட் பக்கேஜில இருக்குத்தானே எண்டு பார்த்தா, அவனுக்கு 5,500 குடுக்கோணுமாம், டிக்கெட் ஆளுக்கு 500 படி இன்னொரு 5,500, வேன் பார்க்கிங் 1,000. ஊர்க்காரருக்கு ஃபோன் போட்டன். "அது ஃபொரஸ்ட் டிபார்ட்மென்ட் புதுச் சட்டம் அண்ண, கைட் இல்லாமப் போனா 25,000 ஃபைன், பிள்ளையளோட பொலிஸ் ஸ்டேசன் போகப் போறீங்களா?" எண்டார். எனக்கு சிங்களம் கடைக்குப் போய் வர மட்டும்தான், ஆரிட்ட கேக்கிறது? 12,000 எண்ணிக் குடுத்தன்.

டிக்கெட் எண்டு தந்தது கொப்பித் தாள். நாலாக் கிழிச்ச ஒற்றை, நீலக் கோடு தெரியுது, நடுவில சிவப்பு மையில ரப்பர் சீல். பொக்கெட்டில இருந்த துன்ஹிந்த டிக்கெட்டையும் எடுத்துப் பக்கத்தில வச்சுப் பார்த்தன். சீலை வெயிலுக்குப் பிடிச்சு வாசிச்சா, அதில 'பெய்ட்' எண்டு இருக்கு, அதுக்குக் கீழ ஏதோ ஹார்ட்வெயார் கடையின்ட பேர். சீமெந்து வாங்கினா பில்லில குத்துவாங்களே, அந்த சீல். 5,500 ரூவாக்கு எனக்கு சீமெந்தாவது கிடைச்சிருக்கும்.

நடக்கத் தொடங்கினம். மானாப் புல்லு ஆளுயரத்துக்கு, நிழல் எண்டு ஒண்டில்லை, நேரம் பதினொண்டரை. கைட் பெடியன் முன்னால விறுவிறு எண்டு போறான், மாமி பின்னால. பாதி வழியில மாமிட செருப்பு வார் அறுந்திற்று, அவ அத எறியவும் மாட்டா, "போன தைப்பொங்கலுக்கு வாங்கினது" எண்டு கையில தூக்கிக்கொண்டு வெறுங்காலோட நடக்கிறா. அப்ப எதிரால விறகுக் கட்டோட ஒரு தோட்டத்து அம்மா வந்தவ. தமிழ்க் குரல் கேட்டு நிண்டு, "என்னாங்க தம்பி, வயசானவங்கள வெயில்ல இப்புடிக் கூட்டிட்டுப் போறீங்க?" எண்டு கேட்டா. நான் கைட், டிக்கெட், ஃபைன் கதை எல்லாம் சொன்னன். அவ கட்ட இறக்கி வச்சிட்டுச் சிரிச்சா. "இந்த வழிக்கா காசு குடுத்தீங்க? நாங்க தெனம் வெறகுக்குப் போற வழிங்க இது." மாமிக்குத் தன்ட போத்தல் தண்ணியக் குடுத்து, புல்லுக்குள்ள எந்தப் பக்கத்தால இறங்கினா கால் சுடாது எண்டும் காட்டினா. அந்த மூண்டு நாளில எங்களுக்கு உண்மையா வழி காட்டின ஒரே ஆள் அவதான்.

அந்த மலைச் சனம் பட்டது கொஞ்சமில்ல. 2014 ஒக்டோபர் 29 மீரியபெத்தயில மண் சரிஞ்சு தோட்டத்து லயன் வீடுகளை மூடினது அதே கொஸ்லந்தப் பக்கம்தான், டிவியில பார்த்து எங்கட வீட்டிலயும் அழுதவை. டிசம்பரில தண்ணி நிறைய இருக்கும் எண்டு போறவை, பதுளை மாவட்டத்துக்கு மண்சரிவு எச்சரிக்கை விட்டிருக்கிறாங்களா எண்டு பார்த்திட்டு வெளிக்கிடுங்க. பக்கேஜ்காரர் அத உங்களுக்குச் சொல்லமாட்டார், ட்ரிப் கென்சலாகினா அவருக்குத்தானே நட்டம்.

குளத்தில தண்ணி முழங்காலுக்கு. ஆனா அதுக்குள்ளதான் ஆபத்து இருந்தது. தண்ணி குறைஞ்ச பாறையில பாசி காய்ஞ்ச மாதிரித் தெரியும், கால் வச்சா எண்ணெய். தம்பிட கூட்டாளி விளிம்புக்குக் கிட்டப் போய் போட்டோ எடுக்கப் பார்த்தான், ஒரு கால் சறுக்கி இருந்த வாக்கில ரெண்டு முழம் இழுபட்டுப் போனவன், பாறை வெடிப்புக்குள்ள குதிகால் மாட்டினதாலதான் நிண்டான். ஃபோன் போனது. அது விழுந்த சத்தம் கூட எங்களுக்குக் கேக்கேல்ல, அவ்வளவு ஆழம். குதியில நல்ல வெட்டு. கைட் எங்க எண்டு பார்த்தா அவன் ஒரு மரத்துக்குக் கீழ ஃபோன் பார்த்துக்கொண்டு இருக்கிறான். சுவசெரிய அம்புலன்ஸுக்கு, 1990க்கு அடிக்கலாம் எண்டா என்ட ஃபோனில சிக்னல் இல்லை. மச்சான்ட சாரத்தைக் கிழிச்சுக் கட்டி, மாறி மாறித் தூக்கிக்கொண்டு ஏறினம். ஆஸ்பத்திரியில 4 தையல்.

உச்சியில கேம்பிங் எண்டது ஒரு வீட்டு முத்தம். மூண்டு டென்ட், ஒண்டுக்கு சிப் இல்லை. இரவுச் சாப்பாடு புரியாணி எண்டது பாணும் பருப்பும். அத விடுவம்.

கைட்டோட அண்டைக்குப் பின்னேரம் நான் சண்டைக்குப் போட்டன், 5,500 வாங்கிப்போட்டு ஃபோனா பார்க்கிறாய் எண்டு. அவன் பயந்துபோய்த் தெரிஞ்ச தமிழில சொன்னான், "எனக்கு ஆயிரத்து ஐநூறுதான் குடுக்கிறது. மத்தது உங்கட அண்ணா." டிக்கெட் காசு? "அதும் உங்கட அண்ணா." சீல் குத்தின கொப்பித் தாளை வேன் வர முதலே ஆரோ ஒரு ஆளிட்ட குடுத்து அனுப்பி இருந்ததாம். சிங்களம் தெரியாத எங்களை ஆரோ வெளியூரான் சுத்திப்போட்டான் எண்டு அதுவரைக்கும் நினைச்சுக்கொண்டிருந்தன். உங்கட அண்ணா, உங்கட அண்ணா எண்டு அவன் சொன்னது இப்பவும் காதுக்குள்ள கேக்குது. சில நேரம் நிலாவெளிக் கரையில புறாத்தீவுக்குப் போட் கேக்கிற வெள்ளைக்காரனுக்கு எங்கட ஆக்கள் சொல்லுற விலையும் ஞாபகம் வரும். அப்ப நாங்களும் பக்கத்தில நிண்டு சிரிச்சிருக்கிறம்.

மூண்டாம் நாள் பம்பரகந்த போகவே இல்லை. ரோட் மூடியாம். டிரைவர் பெரகலையில ஒரு தேத்தண்ணிக் கடையில விசாரிச்சார், அப்பிடி ஒண்டும் இல்லை எண்டாங்கள். ஆனா டீசல் காசு இவ்வளவுதான் குடுத்து விட்டது எண்டு அந்த மனுசன் பேர்ஸைத் திறந்து காட்டேக்க நான் என்ன சொல்ல? வீட்ட வந்தம்.

வந்த பிறகு தெரிஞ்சுகொண்டதுகள். சுற்றுலா அதிகார சபையில பதிஞ்ச கைட் எண்டா லைசன்ஸ் அட்டை வச்சிருப்பான், காட்டச் சொன்னாக் காட்டோணும். சுற்றுலா சம்பந்தமான முறைப்பாட்டுக்கு 1912, பாவனையாளர் அதிகார சபைக்கு 1977. நான் ரெண்டுக்கும் அடிச்சன், ரெண்டு இடத்திலயும் கேட்ட முதல் கேள்வி "பில் இருக்கா?" என்னட்ட இருந்தது பேங்க் சிலிப்பும் சீல் குத்தின கொப்பித் தாளும். அந்த 81,500ஐ கையில குடுத்ததுக்கு மாமி மட்டும்தான் சாட்சி. பொலிஸில என்ட்ரி போட்ட பிறகு ரெண்டு தரமா 20,000 திருப்பித் தந்தார், ஃபோன் போனதுக்கு ஒண்டுமில்லை, பிறகு எங்கட எல்லா நம்பரையும் பிளொக் பண்ணீற்றார்.

கடைசியா இது. குளத்துக்குள்ள நிக்கேக்க அவர் மெசேஜ் போட்டவர், "எல்லாரும் சேர்ந்து ஒரு போட்டோ அனுப்புங்க அண்ண, ஞாபகத்துக்கு" எண்டு. வழுக்கி விழ முதல் எடுத்தது, அனுப்பினன். போன கிழமை பக்கேஜுக்குப் புதுப் பேர் வச்சு டிசம்பர் ட்ரிப்புக்கு நோட்டீஸ் விட்டிருக்கிறார், ஆளுக்கு 18,500. அதில எங்கட போட்டோ. தண்ணிய மட்டும் எடிட் பண்ணிக் கூட்டிப் போட்டு, கீழ "திருமலையின் மகிழ்ச்சியான குடும்பம்" எண்டு எழுதி இருக்கு. வலப்பக்க மூலையில ஒரு வயசான அம்மா கையில அறுந்த செருப்போட நிக்கிறா பாருங்க, அது எங்கட மாமி. அந்த நோட்டீஸைக் கண்டா காசு கட்டாதீங்க.