சாயத்தண்ணீருக்குக் கரி வெசல்: இரண்டு வருஷம் கழித்து

“சாம்பிள் டையிங் தண்ணிக்குக் கரி வெசல் வெச்சிருக்கீங்களே, நானும் ஒண்ணு போட்டுரட்டுங்களா?” என்று திருப்பூர் நண்பர் ஒருவர் நேற்று கேட்டார். கரி வெசல் என்றால் நிறத்தை உறிஞ்சும் ஆக்டிவேட்டட் கரி நிரப்பிய டாங்க். சாயத்தண்ணீர் அதன் வழியாக இறங்கும். போனில் சொல்லி முடியாததால் எழுதுகிறேன்.

முதலில் போட்டது காங்கேயம் பக்கத்துத் தொட்டிக்கரி, அதாவது தேங்காய்ச் சிரட்டையில் செய்த கரி. அயோடின் நம்பர், அதாவது கரி எவ்வளவு அயோடினை உறிஞ்சும் என்ற அளவு, 1000 என்று மூட்டையிலேயே அச்சடித்திருந்தது. அதை நம்பித்தான் வாங்கினேன். மூன்றாவது வாரமே டர்க்காய்ஸ் நீலம் உள்ளே போன நிறத்திலேயே வெளியே வந்தது. விற்றவரிடம் சண்டை போட்டது என் தப்பு. அயோடின் சின்ன மூலக்கூறு. டர்க்காய்ஸ் ரியாக்டிவ் சாயம் அதைவிடப் பல மடங்கு பெரிது. தொட்டிக்கரியின் துளைகள் பெரும்பாலும் ரொம்பப் பொடிசு. அதற்குள் அயோடின் நுழையும், சாயம் நுழையாது. சாயத்துக்கு வாங்குகிறவர்கள் மெத்திலீன் ப்ளூ என்ற சாயத்தைக் கரி எவ்வளவு உறிஞ்சும் என்ற அளவையும் கேட்க வேண்டும் என்று அப்புறம்தான் தெரிந்தது.

மரக்கரிக்கு மாறினேன். காரத்தண்ணீரை அப்படியே விடாமல், ஆசிட் விட்டு பிஎச்சை 6 பக்கம் இறக்கி, வால்வைப் பாதி அளவுக்கும் கீழே திருகி மெதுவாக விட்டேன். மேலே பீட்ரூட் சாறு போல இறங்கியது, கீழே கண்ணாடி டம்ளரில் குடிதண்ணீர் மாதிரி நின்றது. இரண்டு வருஷமாகப் பார்க்கிறேன், இன்னும் அலுக்கவில்லை.

ஆனால் அந்தக் கரித்தூள்! மூட்டையை மாற்றும் ஒவ்வொரு முறையும் பேக்வாஷ் தண்ணீர், அதாவது கரியைக் கழுவக் கீழிருந்து மேலே விடும் தண்ணீர், தெளிய அரை நாள். போன மாசம் வெளியே காயப்போட்ட வெள்ளை நிட் சாம்பிள் முழுக்கக் கரும்புள்ளி. பார்ட்டி வாங்கவே மாட்டேன் என்றுவிட்டார். நியாயமாகப் பார்த்தால் கொடியை அங்கே கட்டியது நான்தான். இருந்தாலும் கோபம் கரி மேல்தான்.

இன்னொன்று: நிறம் போனாலும் உப்பு போகாது. உள்ளே என்ன டிடிஎஸ்ஸோ (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவு), வெளியேயும் கிட்டத்தட்ட அதே டிடிஎஸ்தான். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதைப் பார்த்த ஊர் இது. தெளிவாக இருக்கிறதே என்று சாக்கடையில் திறந்துவிட முடியுமா? பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குத்தான் அனுப்புகிறேன். தீர்ந்த கரியும் அபாயகரமான கழிவுக் கணக்கில் வரும், குப்பையில் போடக்கூடாது. ஒன்பது மூட்டை பின்னறையில் கிடக்கிறது.

அதனால் அவருக்கு என் பதில்: வேண்டாங்க. டம்ளரில் பிடித்துப் பார்த்தே தீருவேன் என்றால் ஞாயிற்றுக்கிழமை வரட்டும், அன்றைக்குத்தான் புதுக்கரி போடுகிறேன். வெள்ளை வேட்டி மட்டும் கட்டி வர வேண்டாம்.