அழிப்பானா, லேயர் மாஸ்க்கா?

ஃபோட்டோஷாப் போன்ற பட எடிட்டிங் மென்பொருளில், படத்தின் ஓரம் மெல்லக் கரைந்து பின்னணியோடு கலக்க வேண்டும். மென்மையான அழிப்பானால் தேய்த்தாலும் அது வரும், வேகமாகவே வரும். ஆனால் அழித்த பிக்சல் போனது போனதுதான்; ஃபைலைச் சேமித்து மூடிவிட்டால் அதிலிருந்து மீட்க வழியில்லை.

லேயர் மாஸ்க், அதாவது படத்தின் ஒரு லேயரோடு (அடுக்கோடு) இணைக்கும் கறுப்பு-வெள்ளை மறைப்பு, எதையும் அழிப்பதில்லை, மறைக்க மட்டுமே செய்கிறது. மாஸ்க்கில் வெள்ளை உள்ள இடம் தெரியும், கறுப்பு மறையும், நடுச் சாம்பல் பாதி தெரியும். கறுப்பிலிருந்து வெள்ளைக்கு ஒரு கிரேடியன்ட் (ஒரு நிறம் மெல்ல மற்றொன்றாக மாறும் நிரப்பல்) இழுத்தால், 8 பிட் மாஸ்க்கில் கறுப்பு முதல் வெள்ளை வரை உள்ள 256 படிநிலைகளில் ஓரம் சீராக மங்கும். குறுகலாக இழுத்தால் சட்டென்று வெட்டியது போல இருக்கும், நீளமாக இழுங்கள். பிடிக்கவில்லையா? சரி, மறுபடி இழுக்கலாம். முடிக்கற்றை அதிகம் மறைந்துவிட்டதா, வெள்ளை பிரஷ்ஷால் தடவினால் திரும்பி வரும்.

தனி லேயரில் ஒட்டிய சிறு பிசிறை நீக்க மட்டும்தான் நான் அழிப்பானைத் தொடுகிறேன்.