முன் ஃபோர்க்கில் கிளாம்ப் போட்டுத் தண்ணீர் பாட்டில் கட்டித் தருவதாகச் சொன்னால் நம்பிவிடாதீர்கள்

சென்ற ஏப்ரல் மாதம் தூத்துக்குடியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக இராமநாதபுரத்துக்குச் சைக்கிளில் சென்றபோது, வேம்பாரைத் தாண்டிய ஓரிடத்தில், முன் சக்கரத்தில் தண்ணீர் பாட்டில் சிக்கிக் கீழே விழுந்தேன். பின்னால் லாரி ஏதும் வராததால் முழங்கைச் சிராய்ப்போடு தப்பித்தேன். அந்தப் பாட்டிலைத் தாங்க வேண்டிய ஹோல்டரை நான்கு நாள்களுக்கு முன் பணம் வாங்கிக்கொண்டு பொருத்திக் கொடுத்த கடை, இன்றுவரை தன் தவற்றை ஒப்புக்கொள்ளவில்லை. கோடையில் நெடுந்தூரம் செல்பவர்கள் இதே ஏமாற்றத்துக்கு ஆளாகக் கூடாது என்பதற்காக, நடந்ததை முழுமையாக எழுதுகிறேன்.

உப்பளமும் பனையும் சீமைக்கருவேலமுமாக நீளும் அந்தக் கரையோரத்தில் பல ஊர்களில் நிலத்தடி நீர் உவர்ப்பு. அடிபம்பு கண்ணில் பட்டாலும் அதை நம்பிப் பயணத்தைத் திட்டமிட முடியாது. குடங்களை அடுக்கிய தள்ளுவண்டியோடு நல்ல தண்ணீருக்காகப் பெண்கள் நெடுந்தூரம் நடப்பது இராமநாதபுரம் மாவட்டத்தில் அன்றாடக் காட்சி. அந்த வெயிலில் மிதிக்கும்போது எனக்கு மணிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் தேவைப்படுகிறது. பிரேமின் நடுவே உள்ள இரண்டு ஹோல்டர்களிலும் சேர்த்து ஒன்றரை லிட்டர்தான் வைக்க முடியும் என்பதால், இன்னும் மூன்று லிட்டருக்கு வழி தேடினேன்.

நான் சென்றது பெரிய நகரம் ஒன்றில் விலையுயர்ந்த சைக்கிள்களை விற்கும் கடை. முன் ஃபோர்க்கின், அதாவது முன் சக்கரத்தை இருபுறமும் பிடித்திருக்கும் கவையின், இரு கால்களிலும் காலுக்கொரு ஒன்றரை லிட்டர் பாட்டிலைப் பொருத்தலாம் என்று உரிமையாளர் சொன்னார். சுமை ஏற்றுவதற்கென்றே செய்யப்படும் ஃபோர்க்குகளில், 64 மில்லிமீட்டர் இடைவெளியில் எம்5 (5 மில்லிமீட்டர் தடிமன்) போல்ட்டுக்கான மரையிட்ட துளைகள் பக்கத்துக்கு மூன்று இருக்கும். எத்தனை கிலோ ஏற்றலாம் என்பதையும் தயாரிப்பாளரே குறிப்பிட்டிருப்பார். என் ஃபோர்க்கில் ஒரு துளையும் இல்லை. அதைச் சுட்டிக்காட்டியபோது, “கிளாம்ப் போட்டு இறுக்கிடலாம் சார், மூணு கிலோ வரைக்கும் அசையவே அசையாது” என்றார். தடித்த அலுமினிய ஹோல்டர் ஒன்றை என் கையில் கொடுத்து, கிளாம்புக்கு அடியில் ரப்பர் பட்டை வைத்துத்தான் இறுக்குவோம் என்றும் உறுதி சொன்னார். எல்லாம் சேர்த்து 2,800 ரூபாய் கொடுத்தேன். பில் கேட்டதற்கு, கடைப் பெயர் அச்சிட்ட துண்டுச் சீட்டில் தேதியையும் தொகையையும் மட்டும் எழுதித் தந்தார். மாலையில் போனபோது வேலை முடிந்து, கிளாம்பும் ஹோல்டரும் வெளியே தெரியாதபடி கறுப்பு டேப் சுற்றி நேர்த்தியாக நிறுத்தியிருந்தார்கள். அந்த நேர்த்தியை நம்பி, தண்ணீர் நிரப்பிய பாட்டிலை வைத்துப் பார்க்காமலேயே எடுத்து வந்துவிட்டேன்.

பயண நாளில் முதல் இரண்டு மணி நேரம் வரை ஒரு குறையும் தெரியவில்லை. வேம்பாரைக் கடந்த பின், சாலையின் ஒட்டுப்போட்ட பகுதி ஒன்றில் இறங்கி ஏறியபோது இடப்பக்கம் ‘டக் டக்’ என்று ஓசை கேட்டது. குனிந்து பார்ப்பதற்குள் ஹோல்டர் உள்பக்கமாகத் திரும்பி, பாட்டிலின் அடிப்பகுதி ஸ்போக்ஸ் கம்பிகளில் மோதி, சக்கரம் அப்படியே நின்றுவிட்டது. பனை ஓரத்தில் பதநீர் விற்றுக்கொண்டிருந்த அம்மா ஓடி வந்து, “தம்பி, எந்திரிக்காத, அப்படியே உக்காரு” என்று சொல்லி, கையிலிருந்த குடத்துத் தண்ணீரை ஊற்றி என் முழங்கையைக் கழுவிவிட்டார். தண்ணீர் அருமைப்பட்ட ஊரில் அவர் செய்த அந்த உதவியை மறக்க மாட்டேன்.

நிழலில் உட்கார்ந்து டேப்பைப் பிரித்தபோதுதான் கடைக்காரர் செய்திருந்தது தெரிந்தது. ஹோல்டர் அலுமினியமே அல்ல. வெள்ளிநிறம் பூசிய பிளாஸ்டிக். உடைந்த விளிம்பில் நிறத்துக்கு அடியில் வெள்ளைப் பிளாஸ்டிக் பளிச்சென்று தெரிந்தது. கிளாம்புக்கு அடியில் ரப்பர் பட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை. தகட்டின் விளிம்பு ஃபோர்க்கின் பெயின்ட்டைச் சுரண்டி உலோகம் வரை இறங்கியிருந்தது. இவற்றைவிட என்னை நடுங்க வைத்தது, முன் டிஸ்க் பிரேக்குக்குப் போகும் கேபிளையும் சேர்த்து அதே கிளாம்புக்குள் வைத்து இறுக்கியிருந்தது. கேபிளின் உறை நசுங்கியிருந்தது. பிரேக்கைப் பிடித்தால் லிவர் முழுதாகத் திரும்பி வரவில்லை. நிற்க வேண்டிய வேறொரு நேரத்தில் அந்தப் பிரேக் வேலை செய்யாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணவே அச்சமாக இருக்கிறது.

இந்த முறையே ஏன் ஆபத்தானது என்பதை, பின்னர் எங்கள் ஊரில் முப்பது ஆண்டுகளாகச் சைக்கிள் பழுது பார்க்கும் மெக்கானிக் ஒருவர் விளக்கினார். ஃபோர்க்கின் கால் மேலே பருத்துக் கீழே போகப் போக மெலிகிறது. ஆகவே, அதிர்வில் கிளாம்ப் அரை விரற்கடை இறங்கினாலும் அது முன்பிருந்த இறுக்கத்தை இழக்கிறது. இழந்ததும் மேலும் இறங்குகிறது, பிறகு சுழல்கிறது. ஒன்றரை லிட்டர் தண்ணீர் என்பது ஒன்றரைக் கிலோ. ஒவ்வொரு பள்ளத்திலும் அந்த எடை சுத்தியலைப் போலக் கீழ்நோக்கி அடிக்கிறது. அடியில் ரப்பர் இருந்திருந்தால் பிடிப்பு கூடியிருக்கும். ஆயினும் துளையில்லாத ஃபோர்க்கில் அவ்வளவு எடையைத் தாம் ஒருபோதும் கட்ட மாட்டேன் என்றார். துளை இல்லாத இடத்தில் புதிதாகத் துளை போட்டுத் தருகிறேன் என்று எவராவது சொன்னால் அந்தக் கடைப் பக்கமே போகாதே என்றும் எச்சரித்தார், ஏனெனில் ஃபோர்க் அந்த இடத்திலேயே விரிசல் விடக்கூடும்.

இப்போது அவர் சொன்னபடி ஒன்றரை லிட்டர் பாட்டில்கள் இரண்டையும் பின் கேரியரின் மேல் படுக்கவைத்து, பழைய டியூபை நீளவாக்கில் கீறிய பட்டையால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிக்கொள்கிறேன். கடையில் எதைப் பொருத்தினாலும் டேப் சுற்றும் முன் பார்த்துவிடுகிறேன். நிரப்பிய பாட்டிலோடு மேடுபள்ளமான தெருவில் பத்துக் கிலோமீட்டர் ஓட்டி, போல்ட்களை மறுபடி தொட்டுப் பார்த்த பிறகே வெளியூர் கிளம்புகிறேன்.

கடைக்காரரிடம் உடைந்த ஹோல்டரோடு போனபோது, “நீங்க அதிகமா வெயிட் ஏத்திட்டீங்க” என்றார். மூன்று கிலோ தாங்கும் என்று அவரே சொன்னதை நினைவூட்டியதும், அதற்கு எழுத்தில் என்ன ஆதாரம் என்று கேட்டார். பில் தராமல் இருப்பதும், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறையற்ற வணிகச் செயல்கள் என்பதை அவர் பொருட்படுத்தவில்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்தும் கடை இறங்கி வரவில்லை. நாம் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே முறையிட அதே சட்டம் இடம் தருவதால், துண்டுச் சீட்டு, சாலையோரத்தில் டேப்பைப் பிரித்தபோது எடுத்த படங்கள், நசுங்கிய கேபிள் ஆகியவற்றோடு சென்ற வாரம் மனு கொடுத்திருக்கிறேன். விசாரணை முடியும் வரை கடையின் பெயரை எழுதப் போவதில்லை.