“48 வோல்ட்” ஸ்டிக்கர் ஒட்டிய பேட்டரி டிரில்: நம்ம குமரி மாவட்டத்து ஆட்கள் வாங்கும் முன் இதைப் படியுங்கள்

வீட்டு வேலைக்கு பேட்டரி டிரில் வாங்க யோசித்துக்கொண்டிருக்கிறீர்களா? கடைக்குப் போகும் முன் இதைப் படித்துவிட்டுப் போங்கள். என் கையிலிருந்து 3,450 ரூபாய் போய்விட்டது. அதே பெட்டியைப் போன வாரம் தக்கலையில் ஒரு கடை வாசலிலும் அடுக்கி வைத்திருந்ததைப் பார்த்தேன். அதனால்தான் எழுதுகிறேன். கடையின் பேர் வேண்டாம். பெட்டி எப்படி இருக்கும் என்று தெரிந்தால் போதும்.

எங்கள் வீடு குலசேகரம் பக்கம். வீட்டுக்காரர் குவைத்தில். இங்கே நானும் மாமியாரும் இரண்டு பிள்ளைகளும். நம்ம ஊர் மழை உங்களுக்குத் தெரியும். ஜூனில் தென்மேற்கு தொடங்கும், அது ஓய்ந்து மூச்சு விடுவதற்குள் ஐப்பசியில் வடகிழக்கு வந்து நிற்கும். துணி காயப்போட வராந்தாவில் கொடி கட்ட நாலு கொக்கி வேண்டும். சன்னல் திரைக்கு ராடு, அடுக்களையில் மசாலா டப்பா வைக்க ஒரு தட்டு. இவ்வளவுதான் வேலை. இந்தச் சில்லறை வேலைக்கு ஆள் கிடைக்காது. “நாளைக்கு வாறேன்” என்று ஒருவர் மூன்று வாரம் சொன்னார். சரி, நாமே செய்வோம் என்று மார்த்தாண்டத்துக்குப் போனேன்.

கடையில் இருந்த பையன் நல்ல மரியாதையாகத்தான் பேசினான். “அக்கா, மத்த கம்பெனி எல்லாம் பன்னெண்டு, பதினெட்டு, கூடிப்போனா இருவது வோல்ட்டாக்கும். இது நாப்பத்தெட்டு. ரெண்டு பேட்டரி உண்டு, பெட்டி நெறைய பிட்டும் உண்டு. வெல அவனுக்கதுல பாதி கூட வராது.”

ஒரு ரப்பர் மரப் பலகையை எடுத்து ஓட்டையும் போட்டுக் காட்டினான். வாழைப்பழத்தில் ஊசி ஏற்றியது போல இறங்கியது. “சுவருல போவுமா?” என்று கேட்டேன். “ஹாமர் உண்டுக்கா, கான்கிரீட்டே போவும்” என்றான். ஹாமர் என்றால் சுற்றும்போதே அடித்தும் துளைப்பது. கடை வாசற்படிக்குப் பக்கத்திலேயே ஒரு உடைந்த கான்கிரீட் தூண் துண்டு கிடந்தது. அதில் ஒரு ஓட்டை போட்டுக் காட்டச் சொல்லியிருந்தால் அன்றைக்கே விஷயம் முடிந்திருக்கும். மரத்தில் காட்டுவதைப் பார்த்து எந்த டிரில்லையும் வாங்காதீர்கள். எவ்வளவு மட்டமான மெஷினும் ரப்பர் மரத்தில் இறங்கும்.

பில் கேட்டேன். ரோஸ் கலர் தாளில் “எஸ்டிமேட்” என்று எழுதித் தந்தார்கள். ஜி.எஸ்.டி. பில் வேண்டுமென்றால் அறுநூற்றுச் சொச்சம் கூடும் என்றார்கள். நான் அந்தத் தாளோடு வந்துவிட்டேன்.

முதல் மாதம் குறை சொல்ல ஒன்றும் இல்லை. வராந்தா செங்கல் சுவரில் கொக்கி நாலும் ஏறியது. தட்டு மாட்டினேன். பிரச்சினை சன்னல் மேலே தொடங்கியது. சன்னலுக்கு மேலே ஓடுவது லிண்டல், கம்பி போட்டு வார்த்த கான்கிரீட். ஆறு மில்லி பிட்டைப் போட்டு ஸ்டூல் மேல் ஏறி நின்று அழுத்தினேன். அரை சென்டிமீட்டர்கூடப் போகவில்லை. மெஷின் கீச்சென்று கத்துகிறது, வெள்ளையாக மாவு மட்டும் உதிர்கிறது. மாமியார் கீழே நின்று “இன்னும் பலமாட்டு அழுத்து” என்கிறார். பத்து நிமிஷம் கழித்துப் பிட்டை வெளியே எடுத்தால் முனை நீலம் பாரித்திருந்தது. நுனியில் பதித்திருக்கும் அந்தக் கடினமான கார்பைடு துண்டு கழன்று ஓட்டைக்குள்ளேயே கிடந்தது. பேட்டரியைக் கையில் பிடிக்க முடியவில்லை, அவ்வளவு சூடு.

என் கையில் பலம் போதவில்லை என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். இரண்டு நாள் தோள் வலித்தது.

மூன்றாம் மாதம் ஒரு பேட்டரி செத்தது. சார்ஜரில் போட்டால் இரண்டே நிமிஷத்தில் பச்சை விளக்கு எரியும், மெஷினில் மாட்டினால் அசையாது. இன்னொன்று ஆறு ஸ்க்ரூ முறுக்குவதற்குள் மயங்கிவிடும். அப்போதுதான் பெரியப்பாவிடம் கொண்டுபோனேன். இருபத்தாறு வருஷம் மஸ்கட்டில் மரவேலை பார்த்தவர். அவர் கையில் எடுத்ததும் மெஷினைப் பார்க்கவில்லை. பேட்டரியைக் கழற்றி உள்ளங்கையில் வைத்து இரண்டு தடவை தூக்கிப் பார்த்தார்.

“மக்களே, இதுல ஒண்ணும் இல்லியே” என்றார்.

பக்கத்து மளிகைக்கடைத் தராசில் வைத்தோம். 310 கிராம். திண்ணையில் உட்கார்ந்து நாலு ஸ்க்ரூவைக் கழற்றினார். (இதை நீங்கள் செய்ய வேண்டாம். லித்தியம் செல்லில் ஸ்க்ரூடிரைவர் தவறிப் பட்டால் ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கும். அவர் அனுபவத்தில் செய்தார், அதுவும் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு வாளி மணலை வைத்துக்கொண்டு.) உறையைத் திறந்தால் பத்து செல் வைக்கிற அளவு இடம். அதில் ஐந்துதான் இருந்தது. மிச்ச இடத்தில் மஞ்சள் நுரையை வெட்டித் திணித்திருந்தார்கள், ஆட்டினால் சத்தம் வராமலிருக்க.

அவர் எனக்கு விளக்கியதை நான் புரிந்துகொண்ட அளவில் சொல்கிறேன். இந்தப் பேட்டரிகளுக்குள் இருப்பது பேனா டார்ச் செல் மாதிரி, அதைவிடக் கொஞ்சம் தடியான லித்தியம் செல். பதினெட்டு மில்லி விட்டம், அறுபத்தைந்து மில்லி நீளம், அதனால் 18650 என்று பேர். ஒன்று 3.6 வோல்ட். ஐந்தை வரிசையாகக் கோத்தால் 18 வோல்ட். முழுசாக சார்ஜ் ஏறிய நிலையில் அதே ஐந்து செல் 20, 21 வரை காட்டும். ஒரு கம்பெனி 18 என்று போடுவதும் இன்னொன்று 20 மேக்ஸ் என்று போடுவதும் ஒரே சங்கதிதான். 12 வோல்ட் என்று விற்பது மூன்று செல். இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை.

ஆனால் 48 வோல்ட் வேண்டுமென்றால் குறைந்தது பதிமூன்று செல் வேண்டும். ஒரு செல் ஏறக்குறைய 45 கிராம். செல் எடை மட்டுமே 585 கிராம் வரும். உறையோடு சேர்த்து என்னுடையது 310. தராசு ஒன்று போதும், இந்தப் பொய்யைக் கண்டுபிடிக்க.

வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். நாலு செல் 3.9 காட்டியது. ஐந்தாவது 1.1. அதுதான் செத்த செல். நல்ல பேட்டரியில் ஐந்தையும் ஒரே மட்டத்தில் பார்த்துக்கொள்ள ஒரு சின்ன போர்டு இருக்குமாம். ஒன்று மிகவும் இறங்கினால் மெஷினை நிறுத்திவிடும். இதில் அப்படி எதுவும் இல்லை, நேராக இரண்டு வயர். செல் மேல் கொள்ளளவு 1300 எம்.ஏ.ஹெச். என்று போட்டிருந்தது. பெட்டி மேல் அச்சடித்திருந்தது 12,000. வரிசையாகக் கோத்தால் வோல்ட்தான் கூடும், கொள்ளளவு கூடாது. இந்த அளவு செல்லில் நல்ல கம்பெனிக்காரன் செய்வதே 3,500 பக்கம்தான் நிற்கும்.

மறுநாள் இரண்டு பேரும் கடைக்குப் போனோம். இந்தத் தடவை முதலாளியே இருந்தார். நான் 48 வோல்ட்டைப் பற்றிக் கேட்டதும் அவர் பெட்டியைத் திருப்பி, விரலை வைத்துக் காட்டினார்.

“48-க்கு அடுத்தால வி, அதுக்கு அடுத்தால எஃப் கெடக்கு பாருங்க. அது வோல்ட் இல்ல. மாடல் பேராக்கும்.”

உண்மைதான், 48 வி.எஃப். என்றுதான் இருந்தது. எஃப் மட்டும் பொடி எழுத்தில். எனக்கு நெஞ்சு எரிந்தது. விற்கும்போது வோல்ட், கேள்வி கேட்டால் மாடல் பேர். இதே மாதிரி 88, 128, 198 என்றெல்லாம் பெட்டிகள் வருகின்றன. எண் மாறுமே தவிர உள்ளே இருப்பது பெரும்பாலும் இதே ஐந்து செல்தான்.

பேட்டரிக்கு வாரண்டி கிடையாது, மோட்டாருக்கு மட்டும்தான் என்றார். புது பேட்டரியாவது விலைக்குத் தாருங்கள் என்றேன். அது தனியாக வராதாம், வேறு எந்தக் கம்பெனி பேட்டரியும் அந்த வாயில் பொருந்தாது. ஆக மோட்டார் நன்றாக இருந்தும் மெஷின் குப்பை.

வீட்டுக்கு வந்து பெட்டியை நிதானமாகப் பார்த்தேன். 8,999 என்று ஒரு எம்.ஆர்.பி. ஸ்டிக்கர், அதைப் பேனாவால் அடித்திருந்தார்கள். யார் இறக்குமதி செய்தது, எந்த மாதம், எந்த வருஷம், புகார் சொல்ல எந்த நம்பர், எதுவும் இல்லை. பொட்டலப் பொருள் விதிகள் 2011 படி இத்தனையும் பெட்டி மேல் இருக்க வேண்டும். லித்தியம் செல்லுக்கு பி.ஐ.எஸ். (இந்திய தர நிர்ணய அமைவனம்) முத்திரையும் ஆர் எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் கட்டாயம், ஐ.எஸ். 16046 என்ற தரத்தின் கீழ். என் பேட்டரியில் அதுவும் இல்லை. இதை வாங்குவதற்கு முன்னால் கடையிலேயே பார்த்திருக்கலாம், ஒரு நிமிஷ வேலை.

1915-க்கு அடித்தேன். தேசிய நுகர்வோர் உதவி எண் அது. அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டார், பிறகு பில் நம்பர் கேட்டார். என்னிடம் இருந்தது எஸ்டிமேட் தாள். பணம் போனை வைத்து அனுப்பியிருந்தேன், அதுவும் கடை பேரில் இல்லாமல் யாரோ ஒருவர் பேரில் போயிருந்தது. நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019 சட்டப்படி இரண்டு வருஷத்துக்குள் மனு போடலாம், ஐந்து லட்சம் வரையான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. போடத்தான் போகிறேன். ஆனால் ஒரு ஒழுங்கான பில் இருந்திருந்தால் என் பேச்சுக்கு எவ்வளவு பலம் இருந்திருக்கும் என்று நினைக்கும்போதெல்லாம் வேதனையாக இருக்கிறது. அந்த அறுநூறு ரூபாயை மிச்சம் பிடிக்காதீர்கள்.

இனி எதை வாங்குவது என்று கேட்பீர்கள். பெரியப்பா என்னிடம் கேட்ட முதல் கேள்வி, “மாசத்துல எத்தன நாளு எடுப்ப?” நான் யோசித்தேன். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை. “பின்ன உனக்கு பேட்டரி என்னத்துக்கு? வயர் உள்ளத வாங்கு” என்றார். லித்தியம் பேட்டரியை மாதக்கணக்கில் காலியாகப் போட்டுவைத்தால் தானாகவே இறங்கி இறங்கிச் சாகும். பாதி சார்ஜில் எடுத்துவைக்க வேண்டும், அவ்வப்போது பார்க்க வேண்டும். பிளக்கில் சொருகுவதற்கு அந்தத் தொல்லை இல்லை, 13 மில்லி சக்கோடு (பிட்டைக் கவ்விப் பிடிக்கும் வாய்தான் சக்) பல வருஷம் ஓடும். நான் இப்போது அதைத்தான் வாங்கியிருக்கிறேன், ஜி.எஸ்.டி. பில்லோடு.

அடிக்கடி எடுப்பவர்கள், கரண்ட் இல்லாத இடத்தில் வேலை பார்ப்பவர்கள் பேட்டரியே வாங்குங்கள். அப்படி வாங்கும்போது மெஷினைவிட பேட்டரிக்குத்தான் காசு கொடுக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருஷம் கழித்தும் அந்தப் பேட்டரி தனியாகக் கிடைக்குமா, சர்வீஸ் எங்கே என்று கேட்டு, அங்கே ஒரு போன் போட்டுவிட்டு வாங்குங்கள். தெரிந்த கம்பெனியிலும் எழுத்தைப் பார்க்க வேண்டும். பாஷில் ஜி.எஸ்.ஆர். என்றால் ஸ்க்ரூவுக்கும் மரம், இரும்புக்கும் மட்டும். ஜி.எஸ்.பி. (GSB) என்றால் ஹாமர் உள்ளது. மகிதாவில் டி.எஃப். ஹாமர் இல்லாதது, எச்.பி. (HP) உள்ளது. ஆன்லைனில் விலை ஆச்சரியமாகக் குறைந்திருந்தால் பேட்டரியும் சார்ஜரும் இல்லாத வெறும் மெஷினாக இருக்கும், கீழே பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். பிரஷ்லெஸ் மோட்டார் நல்லதுதான், தேய்கிற கார்பன் பிரஷ் அதில் இல்லை, சூடும் குறைவு. வீட்டு வேலைக்கு அது இல்லாமலும் நடக்கும். கடையில் ஒரு நீளமான பிட்டைச் சக்கில் மாட்டி ஓடவிட்டு நுனியைப் பாருங்கள். வட்டம் போட்டால் வேண்டாம்.

லிண்டலுக்கு வருகிறேன். அங்கே நல்ல கம்பெனி ஹாமர் டிரில்லும் திணறத்தான் செய்யுமாம். சாதாரண டிரில்லில் ஹாமர் என்பது பல் வெட்டிய இரண்டு வட்டு ஒன்றன்மேல் ஒன்று உரசித் துள்ளுவது. நாம் பின்னாலிருந்து அழுத்தினால்தான் அடி விழும். கான்கிரீட்டுக்கு உள்ளது ரோட்டரி ஹாமர், பின்பக்கம் காடி வெட்டிய பிட் போடுவார்களே, அது. உள்ளே பிஸ்டன் காற்றை அழுத்தி அடிக்கும், நாம் பிடித்துக்கொண்டால் போதும். வாங்கவே வேண்டாம், ஒரு நாள் வாடகைக்குக் கிடைக்கும். பெரியப்பா அவர் கூட்டாளியிடம் இரவல் வாங்கி வந்தார். ஸ்டூலில் நான்தான் ஏறினேன். நாலு ஓட்டை, ஒவ்வொன்றும் அரை நிமிஷம் பிடிக்கவில்லை. தோள் வலிக்கவுமில்லை.

ஏற்கெனவே இந்தப் பெட்டியை வாங்கியிருப்பவர்களுக்கு ஒரு வேண்டுதல். சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்காதீர்கள், பிள்ளைகள் படுக்கும் அறையில் போடவே போடாதீர்கள். இன்றைக்கே பேட்டரியைக் கழற்றி அடிப்பக்கம் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள், எடையும் போடுங்கள். இரண்டையும் கீழே எழுதுங்கள், வாங்கிய ஊரையும் சேர்த்து. நான் மனு எழுதும்போது என் ஒருத்தியின் பெட்டி மட்டும் இல்லை என்று காட்ட வேண்டும்.